கடலுக்குப் போய்வந்த மொறிஸ் மைனர்

டோஹா,
2024 ஜூன் 3

நளீர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகம் விசாரிக்க இது அந்த மாதிரிக் கடிதமில்லை. ஆறு வருஷத்துக்கு முன் லீவில் ஊருக்கு வந்தபோது உங்கள் கராஜ் வாசலில் நின்று, இனி உங்களோடு ஒரு சொல் கதைக்க மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தவன் நான். அந்தச் சொல்லை இன்னும் காப்பாற்றுகிறேன். எழுதுவது கதைப்பதில் சேராது என்று எனக்கு நானே பத்வா கொடுத்துக்கொண்டேன்.

முதலில் உங்கள் தங்கச்சியிடம்தான் சொன்னேன், உன் காக்காவிடம் கேட்டுச் சொல்லு என்று. "ரெண்டு பேரிட கதையையும் அங்கயும் இங்கயும் காவ எனக்கு ஏலா. வாயாலயோ கையாலயோ நீங்களே கேளுங்க" என்று போனை வைத்துவிட்டாள். றாஹிலாவைப் பெண்ணெடுத்தவனுக்கு இதைவிட மரியாதை கிடைக்காது.

விஷயம் இதுதான். செப்டெம்பர் முடிவோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. பத்தொன்பது வருஷம் அடுத்தவன் காருக்குக் கீழே படுத்தது போதும். ஊருக்கு வந்து, கலியாண மாப்பிள்ளைமாரை ஏற்றி இறக்க ஒரு பழைய கார் வாங்கப்போகிறேன். நம் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளை வருவதென்றால் பழைய கார்தான் கேட்கிறார்களாம். சேவைக்காலப் பணம் முழுவதையும் இதில் போடுகிறேன். இது தவறினால் எனக்கும் றாஹிலாவுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு வழியில்லை. ஐம்பத்தொரு வயதில் எவன் எனக்கு மறுபடி விசா தருவான்?

காரைதீவு சாமித்தம்பி ஐயாவின் ஐம்பத்தேழாம் ஆண்டு மொறிஸ் மைனர் விலைக்கு வந்திருக்கிறது. புரோக்கர் பர்ஸான் முகநூலில் படத்தோடு போட்டிருக்கிறான்: 'சுனாமியில் கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்த கார். அதே பொடி (வெளிக்கூடு), அதே எஞ்சின். 1971 முதல் ஒரே சொந்தக்காரர்.' படத்தைப் பார்த்த அன்றே இந்தக் கார்தான் என்று முடிவுசெய்துவிட்டேன். ஆனால் ஐயா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாராம். யார் வாங்க வந்தாலும் முதலில் கல்முனைக்குடி நளீர் வந்து காரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் விலை கதைப்பாராம்.

அவர் சொல்லாவிட்டாலும் உங்களிடம்தான் வந்திருப்பேன். அன்றைக்கு என் வேனை வாங்க சம்மாந்துறையிலிருந்து வந்தவர் அட்வான்ஸைக் கையில் எடுத்துவிட்டார். நீங்கள் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது முன்னால அடிபட்டு நிமித்தின வண்டி" என்றீர்கள். உண்மைதான். ஆனால் மச்சானின் வாயிலிருந்து வரவேண்டிய உண்மையா அது? என்றாலும் தங்கச்சி புருஷனுக்காகவே பொய் சொல்லாத மனிசன் ஒரு காருக்காகச் சொல்லமாட்டான். பார்த்து எழுதுங்கள். இதைக் கொண்டுவரும் பாலமுனை றிபாத் பதினான்காம் திகதி திரும்பி வருகிறார்.

காலிதீன்

*

கல்முனைக்குடி,
2024 ஜூன் 12

காலிதீன் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது.

அந்தக் காரை வாங்க வேண்டாம். வேறு கார் தேடித் தருவது என் பொறுப்பு. அவசரப்பட்டு பர்ஸானுக்கு எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.

வேன் விஷயத்தில் நான் சொன்னது சரி. சொன்ன இடம் சரியில்லை. உங்களைத் தனியே கூப்பிட்டு முதலில் சொல்லியிருக்க வேண்டும். இதை ஆறு வருஷமாக எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.

வேலை நிறையக் கிடக்கிறது.

நளீர்

*

டோஹா,
2024 ஜூன் 21

மச்சான்,

றிபாத் கடிதத்தைத் தந்தபோது உறை காற்றில் பறக்கப் பார்த்தது. அவ்வளவு பாரம். டொக்டர்கூட வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இனிப்புச் சாப்பிடாதே என்பார். நீங்கள் காரணமே சொல்லாமல் வாங்காதே என்கிறீர்கள். காரைப் போய்ப் பார்த்தீர்களா? பார்த்ததாகவும் எழுதவில்லை.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை வேறு யாருக்கோ பேசி வைத்திருக்கிறீர்களோ என்று ஒரு நாள் நினைத்தேன். நான் ஊருக்கு வந்து உங்கள் கண் முன்னால் தொழில் செய்வது பிடிக்கவில்லையோ என்று மறுநாள் நினைத்தேன். பெருநாளன்று றாஹிலாவோடு கதைத்தபோது அவள் வேறு கதை சொன்னாள். "காக்கா கொஞ்ச நாளாச் சோறு ஒழுங்காத் திண்ணல்ல. குர்பான் இறைச்சியக் கூடத் தொடல்ல. நீங்க என்னத்த எழுதின?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் காரைப் பற்றித்தானே எழுதினேன்.

வேனைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு மூன்று வரிகளையும் பலதரம் வாசித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி இப்போது கதைக்க எனக்குத் தைரியமில்லை.

காருக்கு எனக்கு அத்தாட்சி வேண்டும். சேசி நம்பர் தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளையே அனுப்புங்கள். போனில் எடுத்த படத்தை எவனும் மாற்றலாம். பொடி, பெயின்ட், எஞ்சின் எல்லாம் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். உங்களை நம்பி இதை உங்கள் கையில் அமானிதமாகத் தருகிறேன். இனி நீங்கள் அல்லாஹ்வுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலிதீன்

*

கல்முனைக்குடி,
2024 ஜூலை 5

மச்சான்,

அமானிதம் என்று எழுதிவிட்டீர்கள். நேற்றும் முந்தாநாளும் காரைதீவுக்குப் போய் மொறிஸைப் பார்த்தேன். ஐயா கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் பார்வை குறைந்துவிட்டது. என்ன பார்க்கிறேன் என்று விசாரிக்கவும் இல்லை.

தேய்த்த தாள் இத்துடன் இருக்கிறது. தகடு உண்மையானது. பதிவுப் புத்தகத்தில் உள்ள நம்பரும் இதுதான். எஞ்சின் நம்பரும் ஒத்துப் போகிறது.

இனிப் பொடி. தகட்டில் நம்பருக்கு முன்னால் உள்ள மூன்றாவது எழுத்து, தொழிற்சாலையில் பூசிய நிறத்தைச் சொல்லும். இது பச்சை. காரும் இப்போது பச்சையாகத்தான் நிற்கிறது. ஆனால் பெயின்ட் அடிக்கிறவன் கை போகாத இடங்களைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். டிக்கிக் கீலுக்கு அடியில் சுரண்டினேன், சாம்பல் நிறம் வந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் சாம்பல். கதவு ரப்பரைக் கழற்றினேன், அங்கேயும் சாம்பல். இடப்பக்க முன்கதவில் மட்டும் தகரம் வரைக்கும் பச்சை.

தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் தொழிற்சாலையில் அடித்தவை அல்ல. நம்மூர் ஹாட்வெயார் கடைகளில் வாங்கும் ரிவெட்.

கடைசியாக, கடல். ஒரு நாளாவது உப்புத் தண்ணீரில் கிடந்த காரென்றால், இருபது வருஷமானாலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் மணலும் உப்புத் துருவும் இருக்கும். அதை முழுதாகக் கழுவி எடுக்க எவனாலும் ஏலாது. அடியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றிக் கம்பியை விட்டுக் கிண்டினேன். மணல் இல்லை. உமி கொட்டியது, நெல்லுமி, ஒரு கைப்பிடிக்கு மேல். ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தப் பொடி கடலைக் கண்டதில்லை. பல காலம் ஏதோ ஒரு அரிசி மில்லில் கிடந்திருக்கிறது.

எஞ்சின், நம்பர் தகடு, ஒரு கதவு, இவை மட்டும் ஐயாவின் கார். மற்றது முழுவதும் வேறு கார். ஒட்டு வேலை உறுதியானது, ஓடும். ஆனால் முகநூலில் சொன்ன கார் இதுவல்ல. வாங்க வேண்டாம்.

நளீர்

*

டோஹா,
2024 ஜூலை 14

என் அருமை மச்சானுக்கு,

அருமை என்று எழுதியதைப் பார்த்து மயங்கி விழுந்துவிடாதீர்கள். உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை எங்கள் கராஜ் மனேஜருக்கு வரி வரியாக அரபியில் சொன்னேன். லெபனான்காரர், பழைய காரென்றால் உயிரை விடுகிறவர். இங்கே ஒரு காரைப் பரிசோதிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வரும். பெயின்டின் தடிப்பை அளக்க ஒரு மெசின், வெல்டிங்கைப் பார்க்க ஒரு மெசின், கையில் உறை. நீங்கள் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு சொன்னதை அவர்கள் சொல்ல ஒரு கிழமை எடுக்கும். அந்த உமியை மேசையில் கொட்டினேன். இது என்னவென்று அவர் கேட்டார். நெல்லின் தோல், எங்கள் ஊரில் கடலும் வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கார் எந்தப் பக்கத்தில் கிடந்ததென்று இதை வைத்து என் மச்சான் கண்டுபிடித்தார் என்றேன். மனிசன் உமியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மச்சான், என் மச்சான் என்று அன்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. ஆறு வருஷமாக வாயில் வராத சொல்.

நீங்கள் மட்டும் இல்லையென்றால் பத்தொன்பது வருஷ உழைப்பை ஒரு பொய்யில் கொட்டியிருப்பேன். அன்றைக்கு என் வேனுக்கு நீங்கள் சொன்னது, சம்மாந்துறைக்காரருக்கு எவ்வளவு பெரிய உபகாரமென்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. இந்த வேலையைச் செய்தவன் யார்? சாமித்தம்பி ஐயாவுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தவர் உங்களைக் கூப்பிடச் சொல்லுவாரா? மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மனிசனுக்கு, வேறு எவனுடைய காரையோ அவர் கார் என்று கொடுத்திருக்கிறான். அவனுக்கு ஈமான் இருக்கிறதா? ஒட்டு வேலை உறுதி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நம் கரையில் அப்படி ஒட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெயரை எழுதுங்கள். நான் வந்து அவன் கராஜ் வாசலில் நின்று கத்துகிறேன். எனக்குத்தான் அதில் பழக்கம் இருக்கிறதே.

காலிதீன்

*

கல்முனைக்குடி,
2024 ஜூலை 27

மச்சான்,

பெயரைக் கேட்டிருந்தீர்கள். நளீர்.

காரின் விபரத்தை உங்கள் முதல் கடிதத்தில் வாசித்ததுமே அது என் கை செய்த வேலை என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் வாங்க வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். அடுத்த கடிதத்தில் எவனோ செய்த வேலையைப் போல எழுதினேன். உமி கொட்டியபோது அது எந்த மில்லின் உமி என்று எனக்குத் தெரியும்.

2005 பெப்ரவரியில், நீங்கள் டோஹாவுக்குப் போன கையோடு, ஐயா அந்தக் காரை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்போது எங்கள் வீட்டுக்கும் கூரை இல்லை. நாங்கள் கூடாரத்தில் இருந்தோம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐயா சொன்னார், "தம்பி, மீனாம்பிகையத் தேடித் தேடிப் பாத்தம், கிடைக்கல்ல. இதாவது கிடைச்சிருக்கு. இத ஓட வச்சுத் தாங்க." நான் ஓம் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல?

ஒரு மாதம் பார்த்தேன். அடிப்பலகை நனைந்த பப்படம்போல இருந்தது, ஸ்குரூட்ரைவர் இந்தப் பக்கம் குத்த அந்தப் பக்கம் வந்தது. ஐயா இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து பக்கத்தில் நிற்பார். உங்கள் கார் இனி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிப்பத்தான்சேனையில் ஒரு மில்லுக்குள் இதே மாதிரி ஒரு மொறிஸ் பொடி பதிவுப் புத்தகமில்லாமல் கிடந்தது. முதலாளி சும்மா தந்தார். எஞ்சினை மாற்றி வைத்தேன். தகட்டைக் கழற்றி இதில் அடித்தேன். ஐயாவின் மனைவி மீனாம்பிகை ஏறி இறங்கும் இடப்பக்கக் கதவு மட்டும் தப்பியிருந்தது, அதைப் போட்டேன். பச்சை அடித்தேன். உங்கள் காரைத் திருத்திவிட்டேன் ஐயா என்று சாவியைக் கொடுத்தேன். அவர் அழுதார், நானும் அழுதேன்.

கூலி வாங்கவில்லை. வாங்கினால் பொய்க்குக் கூலி வாங்கியதாகிவிடும் என்று நினைத்தேன். வாங்காததால் பொய் குறைந்துவிடவில்லை. தகட்டை மாற்றுவது சட்டப்படி குற்றம் என்றும் தெரியும்.

இதைச் செய்த கைதான் உங்கள் வேனுக்குக் கீழே புகுந்து உண்மை சொன்னது. உங்கள் வாயில் இருந்த சோற்றைத் தட்டிவிட்டு, நான் நேர்மையானவன் என்று ஆறு வருஷம் நிமிர்ந்து நடந்தேன். நீங்கள் வாசலில் நின்று கத்தலாம். அன்றைக்கு இல்லாத நியாயம் இன்றைக்கு உங்களுக்கு இருக்கிறது.

ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்ன பிறகாவது தைரியம் வருமா என்று பார்க்கிறேன்.

நளீர்

*

கல்முனைக்குடி,
2024 ஆகஸ்ட் 18

மச்சான்,

மூன்று கிழமையாக உங்களிடமிருந்து பதிலில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை. நடந்ததை அறிவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே காரைதீவுக்குப் போனேன். ஐயா முற்றத்தில் இருந்தார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இரிங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க" என்றார். உட்கார்ந்தேன்.

பிறகு சொன்னார். "நான் அந்தக் கார முப்பத்தி மூணு வருஷம் ஓடினவன். நீங்க தந்தத எடுத்துக்கிட்டுப் போகக்குள்ள, காரைதீவுச் சந்தி வாறத்துக்கு முன்னமே எனக்குத் தெரியும், இது வேற வண்டியெண்டு. அந்தப் பக்கக் கதவு மட்டும்தான் எங்கட சத்தம் போட்டிச்சி."

"அப்ப ஏன் ஐயா சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"என்னெண்டு சொல்ற? உங்கட புள்ளகள் கூடாரத்துக்குள்ள கிடக்க, நீங்க மூணு மாசம் என்ட காருக்குக் கீழ கிடந்த ஆள். இது என்ட கார் இல்லயெண்டு உங்கட மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு மனம் வரல்ல. மறுகா, நாள் போகப் போக, அதுவே எனக்குப் பழகிப் போயிற்று."

முகநூலில் பர்ஸான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்கு ஆர் இதச் சொன்ன? விக்கிறதெண்டா உள்ளதச் சொல்லித்தான் விக்கோணும். நான் வாயத் திறந்தா உங்களுக்கு வழக்கு வரும். பொய் சொல்லி விக்கவும் ஏலா. அதுதான், நீங்க வந்து பாக்காம ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன் எண்டு சொன்னன். சொல்றதா விடுறதா எண்டத நீங்கதான் முடிவெடுக்கோணும், உங்கட விஷயம்" என்றார்.

மச்சான், நான் அந்த மனிசனுக்கு இரக்கம் காட்டியதாக இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கம் காட்டியவர் அவர்.

செப்டெம்பர் இருபதாம் திகதி மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். தானும் வந்து, அறிந்துதான் ஓடினேன் என்று சொல்வதாக ஐயா பிடிவாதம் பிடிக்கிறார். தண்டம் போடுவார்களோ, கராஜை மூடச் சொல்வார்களோ தெரியாது. ஊருக்குள் இந்தக் கதை பரவினால் நளீர் பார்த்துச் சொன்னான் என்பதற்கு இனி மதிப்பிருக்காது. அதையும் யோசித்துத்தான் போகிறேன்.

உங்கள் பிழைப்பு இதனால் கெடக்கூடாது. பாலமுனையில் ஒரு ஒஸ்டின் கார் விலைக்கு இருக்கிறது. இரண்டு நாள் பார்த்தேன். சொல்வது எதுவோ அதுதான் கார், உள்ளும் புறமும். என் சொல்லை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. விரும்பினால் வேறு ஆளை வைத்துப் பாருங்கள், மட்டக்களப்பில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

நளீர்

*

டோஹா,
2024 செப்டெம்பர் 1

மச்சான்,

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். பெயர் எழுதி நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் கிழித்தேன். ஆறு வருஷம் கத்தாமல் வைத்திருந்ததையெல்லாம் அறைச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். என் வேனுக்கு மட்டும் உண்மை, மச்சானுடைய கைக்கு இல்லையா என்று. அறையில் உள்ள மற்றவர்கள், என் வீட்டில் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பயந்துபோனார்கள். இரண்டு நாள் கழித்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கி டேப் போட்டு ஒட்டினேன். என் ஒட்டு உங்களுடையதுபோல் இல்லை, வரி வளைந்து போகிறது.

ஒட்டி வாசித்தபோது ஒன்று விளங்கியது. நீங்கள் பெயரை எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. நான் உங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரம் பார்த்து, தானாகவே கீழே இறங்கி நான்தான் என்று சொல்ல என்னால் ஏலாது. வேன் அடிபட்டதென்று தெரிந்துகொண்டே விற்க நின்றவன் நான். இதை இன்றைக்குத்தான் ஒருவருக்குச் சொல்கிறேன், றாஹிலாவுக்கும் சொன்னதில்லை. சாமித்தம்பி ஐயாவைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, பத்தொன்பது வருஷத்தில் முதல்தரம் வேலைக்குப் போகாமல் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் எப்படிப்பட்ட மனிசர்கள்.

உங்கள் சொல்லுக்கு இனி மதிப்பிருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது. அந்த ஒஸ்டினை எனக்காகப் பேசி முடியுங்கள். நம்பர் தேய்த்த தாள் வேண்டாம், படம் வேண்டாம், மட்டக்களப்பிலிருந்து எவரும் வர வேண்டாம். என்ன நிறம் என்றுகூட நான் கேட்கவில்லை. பணத்தை றாஹிலாவின் கணக்குக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். வாங்கியது எந்தக் கார் என்று அவள் கேட்டாள். "உங்கட காக்கா பாத்த கார்" என்றேன்.

நான் ஒக்டோபர் இரண்டாம் திகதி வந்து இறங்குகிறேன். அலுவலகத்துக்குப் போகும் நாளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐயா ஒரு பக்கம் இருக்கட்டும், நான் மறுபக்கம் இருக்கிறேன். அங்கே உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் தனியே எழும்பக்கூடாது.

உங்கள் மச்சான்
காலிதீன்